பைக்குக்கு ஓர் எர்த் குழி

சங்கரன்கோவிலில் ஒரு பைக் வெறும் பைக்காக ஓடுவது மானக்கேடு என்றாகி இரண்டு வருஷமாகிறது. பேட்டரியில் ஒரு சொட்டுக் கரண்ட் மிச்சம் இருந்தாலும் அதில் எதையாவது மாட்டியே தீர வேண்டும். அடியில் நீல விளக்கு, கைப்பிடியில் செல்போன் சார்ஜர், டேங்க் மேல் ஸ்பீக்கர், பிரேக் பிடித்தால் கைக்குழந்தை போல வீறிடும் ஹாரன். மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் வண்டியில் மிக்சி மாட்டி, திருவேங்கடம் போய்ச் சேர்வதற்குள் தேங்காய்ச் சட்னி அரைத்து முடித்தார். சட்னி ருசியாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மிக்சி எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்டார்கள்.

பூ ஏற்றும் தங்கப்பழத்துக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. மார்க்கெட்டில் மல்லிகையை எடுத்து, வெயில் ஏறுமுன் சிவகிரியில் ஐந்து பூக்கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் லைன். வெளுக்குமுன் கிளம்ப வேண்டும். நடுரோட்டில் எருமை படுத்திருக்கும். எருமையில் எந்தக் கம்பெனியும் பின்விளக்கு வைத்து அனுப்புவதில்லை. ஆகவே ஒரே ஒரு ஃபாக் லைட் போட்டுக்கொள்ளலாம் என்று வயரிங் எபினேசரிடம் போனார்.

எபினேசர் வண்டியைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டான்.

"அண்ணாச்சி, ஒரு லைட்டுன்னாலும் ரிலே வேணும். ரிலே போட்டா பியூஸ் பாக்ஸ் வேணும். பாக்ஸுல ஆறு ஓட்டை இருக்கு. ஒண்ணுல மட்டும் வயரை விட்டுட்டு அஞ்சைச் சும்மா விட்டா, பாக்கிறவன் என்னையல்லா காறித் துப்புவான்?"

"ஏலே, எனக்கு எருமை தெரிஞ்சாப் போதும்."

"எருமைக்கு ஒண்ணு. மீதி அஞ்சு ஊருக்கு."

ஆறு ஓட்டையும் நிறைந்தது. பூ வாடாமலிருக்கக் கூடைக்கு ஒரு குட்டி ஃபேன்கூட வந்துவிட்டது. முதல் நாள் தங்கப்பழத்துக்கு எரிச்சல். மூன்றாம் நாள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் பட்டப்பகலில் நீல விளக்கை எரியவிட்டுக்கொண்டு, நடந்தே போகக்கூடிய டீக்கடைக்கு வண்டியில் போனார். ஆறாம் நாள் அரசாங்கம் பார்த்தது.

அரசாங்கம் என்பது இங்கே இருசக்கர வாகனத் துணை மின்வழங்கல் ஒழுங்குமுறைப் பிரிவு. ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் சகிதம் புதிதாக உதயமாகியிருந்தது. அதிகாரி பெயர் தேவதாசன். பத்து பைசாவுக்குக்கூடக் கை நீட்டாத மனிதர். அவர் மேல் ஊருக்கு இருந்த ஒரே குறை அதுதான். கை நீட்டுகிறவரிடம் காரியம் என்றைக்காவது முடியும். இவரிடம் எங்கே போய் முட்டுவது?

"உம்ம வண்டியில துணை மின்வழங்கல் நடக்குதுவே. சான்று எங்க?" என்று கேட்டுச் சாவியை உருவிக்கொண்டார் தேவதாசன்.

"அப்படி ஒரு சான்று இருக்கா சார்?"

"போன திங்கக்கிழமையில இருந்து இருக்கு."

அன்றிலிருந்து மூன்றாம் நாள் வைகாசி முகூர்த்தம். சிவகிரியில் ஏழு கல்யாணம். போட்டி வியாபாரி வேல்ராஜ், செய்தி கேட்ட அரை மணி நேரத்தில் ஐந்து கடைக்கும் போன் போட்டுத் தங்கப்பழத்தின் சுகக்கேட்டை விசாரித்துவிட்டான். வீட்டில் கனகலட்சுமி சுருக்கமாகச் சொன்னாள்: "முகூர்த்தத்துக்குப் பூ போகலைன்னா லைன் போச்சு. அப்புறம் அந்த ஃபேனுக்கு முன்னால உக்காந்து நீங்களே காத்து வாங்குங்க."

மறுநாள் காலையில் தங்கப்பழமும் எபினேசரும் மாடி ஏறினார்கள். பிரிவு புதியது என்பதால் அதற்கென்று விண்ணப்பப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. வீடுகளுக்குக் கரண்ட் இணைப்பு கேட்கும் பழைய படிவத்தையே தற்காலிகமாகப் பயன்படுத்தும்படி மேலிடத்து உத்தரவு.

"கூரை வகை?" தேவதாசன் பேனாவோடு நிமிர்ந்தார். "ஓடா, ஓலையா, கான்கிரீட்டா?"

"மேல ஆகாசந்தான் சார்."

"திறந்தவெளி," என்று எழுதினார். "குடியிருப்போர்?"

"நான் ஒருத்தன். மழை பெஞ்சா அதுவும் இல்ல."

"எர்த் குழி?"

எபினேசர் முன்னால் வந்தான். "சார், இது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. வீட்டுக் கரண்ட் இல்ல. பைக்குக்கு எவனாவது குழி தோண்டுவானா?"

"தம்பி, நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிச்சவன். எனக்குத் தெரியும்." தேவதாசன் படிவத்தைத் தட்டினார். "இதுக்குத் தெரியாதே. கசியுற கரண்ட் மண்ணுல இறங்க ஆறடிக் குழி, உப்பு, கரி, செம்புக் கம்பி. போட்டுட்டு வாங்க."

அன்று மதியமே தங்கப்பழத்தின் வீட்டு வாசலில் ஆறடிக் குழி வெட்டப்பட்டது. உப்பும் கரியும் கொட்டி, கம்பி இறக்கி, அதன் மறுமுனையை வண்டியில் முடுக்கினான் எபினேசர். கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி நின்றது வண்டி. தேவதாசன் வந்து பார்த்தார், திருப்திப்பட்டார், அங்கேயே நின்று சான்று எழுதினார்: 'மேற்படி வாகனம், மேற்படி கம்பியின் நீளத்துக்கு உட்பட்டு, எத்திசையிலும் பாதுகாப்பாக இயங்கலாம்.'

"கம்பி நீளம் பன்னிரண்டு அடி சார்," என்றார் தங்கப்பழம்.

"தாராளமா ஓட்டுங்க."

"சிவகிரி பன்னிரண்டு அடியில இல்லையே சார்!"

"அது சிவகிரியோட பிரச்சினை."

தங்கப்பழம் குழிக்குள் குதித்துவிடலாமா என்று பார்த்தார். கம்பி குறுக்கே இருந்தது. எபினேசர்தான் யோசித்துக் கேட்டான்: "சார், குழி ஆறடி இருக்கணும். சரி. அது தரைக்குக் கீழதான் இருக்கணும்னு படிவத்துல போட்டிருக்கா?"

தேவதாசன் படிவத்தை இருபுறமும் திருப்பிப் படித்தார். நேர்மையான மனிதர். "போடலை," என்று ஒப்புக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஆறடி உயர பிளாஸ்டிக் குழாய் ஒன்று வண்டியின் பின்புறம் செங்குத்தாக நிமிர்ந்து நின்றது. உள்ளே மண், உப்பு, கரி, கம்பி எல்லாம் விதிப்படி இருந்தன. அரை மூட்டை சிமென்ட் கனம். தேவதாசன் டேப் பிடித்து அளந்து, குழாயின் நெற்றியில் முத்திரை குத்தி, சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

முகூர்த்த நாளன்று நாலு கூடை ஏற்றுகிற இடத்தில் இரண்டு கூடைதான் ஏறியது. தங்கப்பழம் சிவகிரிக்குள் நுழைந்தபோது வேல்ராஜ் ஆறு கூடையோடு முதல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். சரி, லைன் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார் தங்கப்பழம். ஆனால் கடைக்காரர் பூவைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தார்.

"அதென்னவே, பின்னால கோபுரமாட்டம்?"

"அரசாங்கம் கொடுத்தது அண்ணாச்சி. சீல் போட்டிருக்கு."

கடைக்காரர் எக்கி நின்று சீலைத் தடவிப் பார்த்தார். பிறகு வேல்ராஜ் பக்கம் திரும்பினார்.

"உம்ம வண்டிக்கு எங்கவே சீலு? சீலில்லாத பூவைக் கல்யாண வீட்டுக்கு எப்படிக் கொடுக்க?"

ஏழு கல்யாணத்திலும் மாலை பாதி கனத்தில்தான் விழுந்தது. ஆனாலும் 'சான்று பெற்ற பூ' என்று மாப்பிள்ளை வீட்டார் மைக்கில் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் எபினேசர் வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. ஃபாக் லைட் வைத்திருந்தவர்கள் குழாய் கேட்டார்கள். எதுவுமே வைத்திராதவர்களும் குழாய் மட்டும் கேட்டார்கள். குழாய்க்கு வெள்ளி பெயின்ட் அடித்தார்கள், ஜாதி வாரியாக வர்ணக் கோடு போட்டார்கள், உச்சியில் சிலுவை, வேல், பிறை என்று அவரவர் வசதிக்கு நட்டார்கள். குழாயைச் சுற்றி விளக்குச் சரம் ஓட ஏழாவது சுவிட்சு வந்தது. கனம் தாங்காமல் தேரடியில் தினம் பத்து வண்டி சாய்ந்தது. விழுந்தவர்கள் முழங்காலைப் பார்க்குமுன் குழாயைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில், தேவதாசனைப் பார்க்கத் தங்கப்பழம் மறுபடி மாடி ஏறினார். பின்னால் இருநூறு பேர், கையில் மனு. படி கொள்ளாமல் பாதிப் பேர் பிரியாணிக் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தேவதாசன் முகம் மலர்ந்தது. முதல் முறையாக யாரோ சட்டத்தை எதிர்த்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். "சொல்லுங்கவே. எனக்கே மனசு கேக்கலை. வண்டிக்கு எதுக்குக் குழின்னு மேலிடத்துக்கு எழுதலாம்னு இருக்கேன். குழாயைக் கழட்டிரலாம், அப்படித்தானே?"

"கழட்டவா?" தங்கப்பழம் பதறிப்போனார். "நல்லாக் கேட்டிய சார்! எட்டடியாக் கூட்டணும்னு கேட்டு வந்திருக்கோம்."

"எட்டடியா! எதுக்குவே?"

"வேல்ராஜ் ஆறடி வச்சுட்டான் சார். நேத்து ரெண்டு கடை அவங்கிட்டப் போயிட்டு. இப்படி வாரவன் போறவன்லாம் வச்சா அப்புறம் சட்டத்துக்கு என்ன மரியாதை?"

தேவதாசன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். வண்டி உயரத்தையும் எட்டடியையும் மனசுக்குள் கூட்டினார். அவர் இன்ஜினீயரிங் படித்தவர்.

"ஏ அப்பா, தெருவுல தொங்குற கரண்ட் கம்பியிலல்லா முட்டும்!"

"முட்டட்டுமே சார்," என்றார் தங்கப்பழம். "அதுக்குத்தான எர்த் வச்சிருக்கோம்."

படியிலும் பிரியாணிக் கடையிலுமாக இருநூறு பேரும் கைதட்டினார்கள்.