அண்ணனின் பித்தப்பையும் நெப்டியூனும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உங்கள் அண்ணன் நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் என்று ஒன்று வந்தாலே நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் உறையைக் கிழிப்பீர்கள். நானும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். மெசேஜ் அனுப்பினால் வாங்கிப் படித்துப் பார்த்து, "இப்படியா நடந்துச்சு?" என்கிறார். ஆகவே சலவைக் கடையில், கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய அந்த வீடியோவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பீர்கள். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராகக் காலம் தள்ளிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு வண்டிகள் இல்லாமல் தவித்து, நான் குளிக்கப் போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வேறு ஏதாவது பொழுதுபோக்கு பிடித்துக் கொடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சியது நான்தான். கொடுத்தீர்கள். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்று மூன்று பேரைக் கொடுத்தீர்கள். இந்த மூன்றையும் ஜோசியர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால்தான் பலன் தப்பிப் போகிறது என்று அந்த வீடியோக்காரர் சொன்னாராம். டிப்போவில் மூன்று வண்டிகள் கணக்கில் விட்டுப் போயிருந்தால் எப்படித் துடித்திருப்பாரோ அப்படித் துடித்தார் உங்கள் அண்ணன். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. யுரேனஸ் என்றால் திடீர் அதிர்ச்சி, கரண்டு, உடைப்பு. நெப்டியூன் என்றால் தண்ணீர், கனவு, மயக்கம், பனிமூட்டம். புளூட்டோ என்றால் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்பது, சாவு, சாவுக்குப் பிறகு மறுபிறவி. எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது பாருங்கள்.

மனப்பாடம் ஆனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஃபிரிட்ஜ் நின்றுபோனது. யுரேனஸ் என்றார். மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்றால், "வேஸ்டு. அது இந்த வீட்ல ஏழு வருஷம் தங்கும். சரி பண்ணப் பண்ணக் கெட்டுப் போயிக்கிட்டே இருக்கும்" என்கிறார். ஏழு வருஷம் ஃபிரிட்ஜ் இல்லாமல் இருப்பதா என்று நான் கத்த, அவர் புளூட்டோவோடு ஒப்பிட்டால் ஏழு வருஷம் ஒன்றுமே இல்லை என்று ஆறுதல் சொன்னார். சனி கூட இரண்டரை வருஷத்தில் வீட்டைக் காலி செய்துவிடும், இந்தப் புளூட்டோ உட்கார்ந்தால் இருபது வருஷமாம். அதற்குள் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. நான் அவரைக் கேட்காமலே பிளம்பரை வரவழைத்தேன். அந்த மனிதர் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "வாஷர் போயிருக்குக்கா" என்றார். உங்கள் அண்ணன் வாசல்படியில் நின்றுகொண்டு, "வாஷர் இல்லப்பா, நெப்டியூன்" என்றார். பிளம்பர் ரொம்ப மரியாதையாக, "அது எந்தக் கம்பெனி சார்? நம்ம கடைகள்ல கிடைக்காதே" என்றார். பாவம், வேலையை முடிக்க விடாமல் அவரை அனுப்பிவைத்தார் உங்கள் அண்ணன். ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு நானும் கடைக்குப் போய்விட்டேன்.

இருங்கள், ஒருத்தர் சலவைக்குக் கொடுத்த கோட்டை வாங்க வந்திருக்கிறார், கொடுத்துவிட்டு வருகிறேன்.

எங்கே விட்டேன்? வாளி. அந்த வாளியை நகர்த்தப் போன இடத்தில்தான் ஒரு நாள் காலையில் உங்கள் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, பேச்சு வரவில்லை. பிறகுதான் தெரிகிறது, வலி பல நாளாகவே இருந்திருக்கிறது, என்னிடம் மூச்சு விடவில்லை. புளூட்டோ உள்ளே இருப்பதைக் கிளறுகிறது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மாடி வீட்டு டாக்சி டிரைவர்தான் குழந்தையைத் தூக்குவது போல அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். போகிற வழியெல்லாம் நான் உங்கள் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை முழுக்கக் கல், வீங்கிப் போயிருக்கிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்றார் சர்ஜன். நம் தங்கச்சி வயதுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு, நல்ல பொறுமை. உங்கள் அண்ணன் கேட்டார்: "மயக்க மருந்து குடுத்துத்தானே பண்ணுவீங்க?"

"ஆமா சார். முழிச்சிருக்கிறப்ப பண்ணினா நீங்க கத்துவீங்களே."

"அங்கதான் சிக்கல். மயக்கம் நெப்டியூனோட இலாகா. நான் பொறந்தப்ப புளூட்டோ எந்த வீட்ல நின்னுச்சோ, அந்த வீட்டை இப்ப நெப்டியூன் நேர் எதிர்ல நின்னு பாக்குது. மயக்கமும் சாவும் முகத்தோட முகம் பாத்துக்கிட்டிருக்கு. இப்ப போய்ப் படுத்தா எந்திரிக்க மாட்டேன். அது அந்த இடத்தை விட்டு நகரட்டும், நானே வந்து படுத்துக்கிறேன்."

"எப்ப நகரும்?"

"பதினோரு வருஷம் ஆகும்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றார். மனைவி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் தேவைப்பட்டது. பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், பித்தப்பை உள்ளேயே வெடித்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். தம்பி, அன்றைக்கு நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. மிரட்டியும் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்களைக் கிளம்பி வரச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் பேச ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரர். அவருக்கும் இதே பித்தப்பைதான், இதே டாக்டரம்மாதான், மறுநாள் காலையில் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்துக்கொள்வதாக இருந்தார்கள். உங்கள் அண்ணன் பேசியதையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். "சார், எனக்கும் அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்களேன்" என்றார், வம்புக்குத்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பிறந்த வருஷம் கேட்டார். இவரும் அவரும் ஒரே வருஷம். போனில் தேடித் தேடிக் கணக்குப் போட்டுவிட்டு முகம் வெளுத்துப் போய், "உங்களுக்கும் அதே வீடு. அதே நெப்டியூன். போகாதீங்க" என்றார்.

"இந்த நெப்டியூன் யாருன்னே எனக்குத் தெரியாது சார். வயித்து வலி யாருன்னு நல்லாத் தெரியும். நான் போறேன்" என்றார் தையற்காரர்.

போயும் விட்டார். காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது உங்கள் அண்ணன் வலியோடு இறங்கி, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் பாட்டில் தொங்கும் சக்கரக் கம்பியையும் உருட்டிக்கொண்டு, ஆபரேஷன் அறை வாசல் வரைக்கும் பின்னாலேயே போனார். தடுக்க வந்த நர்ஸிடம் "எங்க செட்டு ஆளும்மா" என்றார். வெளியே பெஞ்சில் தையற்காரரின் மனைவி சாவகாசமாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். இவர்தான் இருப்புக்கொள்ளாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அப்பாவை உள்ள கொண்டு போனப்பவும் இதே மாதிரி ஒரு பெஞ்சுதான். தம்பி அப்ப கைக்குழந்தை, அம்மா அவனை வச்சுக்கிட்டு வீட்ல இருந்தாங்க. நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன். போறப்ப அப்பா எனக்குக் கை காட்டிட்டுத்தான் போனாரு. அப்புறம் வந்து, மயக்கம் தெளியலைன்னு சொன்னாங்க. தெளியலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல. தெளிஞ்சதும் கூப்பிடுங்க, இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டு உக்காந்துக்கிட்டே இருந்தேன்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் தம்பி, இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். முந்தின நாள் நான் அந்த முதுகைப் பார்த்து என்னென்னவோ சொல்லியிருந்தேனே. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

கதவு திறந்தது. தையற்காரரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். உங்கள் அண்ணன் குனிந்து, காதுக்குப் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். ஒரே வருஷம் பிறந்தவரை அண்ணாச்சி என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். அரை மயக்கத்தில், நாக்கு குழற, "தையல் யாரு போட்டது?" என்றார்.

"டாக்டரம்மாதான்."

"நூல் என்ன நூலு? இழுத்துப் போட்டிருக்காங்களா, லூசா விட்டிருக்காங்களா? பாத்துச் சொல்லுங்க சார்..."

உங்கள் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் வயிறு வலிக்கிறது, வலித்தால் சிரிப்பு நிற்கிறது, நின்றதும் மறுபடி சிரிப்பு வருகிறது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தையற்காரரின் மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இவருக்குத்தான் மயக்க மருந்து குடுத்துட்டாங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

வார்டுக்குத் திரும்பியதும் மனிதர் சும்மா இருக்கவில்லை. எதிர்க்கட்டிலில் இருந்தவரிடம் வருஷம் கேட்டார், அதற்கடுத்தவரிடம் கேட்டார். எல்லாருக்கும் அதே வீடு. மெதுவாக நகர்கிற கிரகம் அல்லவா, முன்னே பின்னே பிறந்த அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில்தான் நிற்குமாம். வீடியோவிலேயே அதையும் சொல்லியிருந்தார்களாம், பாதியில் தூங்கிவிட்டாராம். "இது டவுன் பஸ் இல்ல போலருக்கு. ஒரு தலைமுறையையே மொத்தமா ஏத்திக்கிட்டுப் போற கப்பல்" என்றார். அப்படியானால் நல்லதுதானே என்றேன். "நல்லதுதான்" என்று இழுத்தார். "ஆனா எனக்குன்னு தனியா ஒண்ணும் வைக்கலையே." அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே நேரத்தையும் குறித்தார்.

அவர் உள்ளே இருந்தபோது நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். தையற்காரரின் மனைவி என் மடியில் நூலுருண்டையைப் போட்டு, "பிடிச்சுக்கங்க, கைக்கு ஏதாவது வேலை வேணும்" என்றார். பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் வேண்டிக்கொண்டேன். அந்த நெப்டியூன் மகராசனிடம்கூட ஒரு வார்த்தை போட்டுவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கடைசியில் கதவு திறந்து, டாக்டரம்மா முகமூடியை இறக்கிச் சிரித்தபோது நூலுருண்டை எங்கே உருண்டதென்றே தெரியவில்லை. உங்கள் அண்ணன் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?" சொன்னேன். "சொன்ன டயத்துக்கு மேல எடுத்துட்டாங்க" என்று டிப்போக் குரலில் அலுத்துக்கொண்டு திரும்பத் தூங்கிப் போனார். என் காதுக்கு அதைவிட இனிப்பாக எதுவும் இதுவரை கேட்டதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள், வருகிறவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டுகிறார். பிளம்பர் வந்து குழாயைச் சரி செய்துவிட்டார், மெக்கானிக் ஃபிரிட்ஜை ஓட வைத்துவிட்டார். தையற்காரர் தினமும் போன் செய்து, தையல் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் வயிற்றை ஒருவர் வீடியோவில் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் அண்ணன் விடுகிற குறட்டையில் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. முன்பெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவேன். இப்போது அப்படியே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகவே தம்பி, நீங்கள் பதறிக்கொண்டு கிளம்பி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது நிதானமாக வாருங்கள். வந்தால் அப்பாவைப் பற்றி அண்ணனிடம் கேளுங்கள், இப்போது சொல்வார். ஒரே ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கிரகத்தையும் இந்த வீட்டுக்கு அனுப்பிவைக்காதீர்கள். வானத்தில் எது எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், நமக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு, வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதைப் போல முட்டாள்தனம் உலகத்தில் வேறில்லை என்று அண்ணி சொன்னதாகத் தங்கச்சியிடமும் சொல்லி வையுங்கள். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, நேரத்தில் தூங்கி, நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். உங்களுக்கும்தான்.

இப்படிக்கு,
உங்கள் நலனையே நினைக்கும்
அண்ணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். இன்று உங்கள் அண்ணனைச் செக்கப்புக்குக் கூட்டிப் போன இடத்தில், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று பக்கத்துக் கண் பிரிவில் போய் என் கண்ணைக் காட்டினேன். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம், வருகிற வாரமே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பிறந்த நேரம் எனக்குச் சரியாகத் தெரியாது, விடியற்காலை என்று போட்டுக்கொண்டு, யுரேனஸாவது புளூட்டோவாவது என் கண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். ஆபரேஷன் கூடாது என்று வந்தால் மட்டும் பதில் போட்டால் போதும்.