முழுகும் கயிறு

"மூணு டப்பாவையும் இன்னா பண்ண?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன். அந்த எடத்துல முறுக்கு வெச்சிட்டேன்" என்றாள் உண்ணாமலை.

சக்கரவர்த்தி பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் அமெரிக்காவுக்கு விமானம். வீசிப் பழகச் சொல்லி மருமகன் எழில் நண்பர் மூலம் அனுப்பியிருந்த தூண்டில் கயிறுகள் மூன்றும் இப்போது ஊர் பேர் தெரியாமல் பிளாஸ்டிக் கவருக்குள் சுருண்டு கிடந்தன. மூன்றுமே தண்ணீரில் முழுகும் ஜாதி. ஒன்று மெதுவாக, ஒன்று மிதமாக, ஒன்று கல் மாதிரி. எது எது என்பது டப்பா மேல்தான் எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்களேன்."

"தூண்டில் ரீல்ல ஒண்ணுதான்டி ஏறும். டப்பா இல்லாம எது எதுன்னு மாப்ளைக்கே தெரியாது. மாப்ளை தலதலயா அடிச்சிக்கினாரே!"

எழில் சொன்னது அவருக்கு மனப்பாடம். 'மாமா, இங்க ஆத்துல பாஸ் மீனு அடியில, பாறை இடுக்குல படுத்திருக்கும். மெதுவா முழுகற கயிறுன்னா தண்ணி இழுப்புல மீன் தலைக்கு மேலயே ஊர்வலம் போயிடும். வேகம் ஜாஸ்தின்னா பாறையில மாட்டிக்கும். நம்ம ஆத்துக்கு நடுவால இருக்கறதுதான் லாயக்கு. சனிக்கிழமை போறோம். அப்புறம் குளிர் வந்துடும், ஆத்துப் பக்கமே போக முடியாது.'

அந்த ஒரு சனிக்கிழமையை நம்பித்தான் சக்கரவர்த்தி உயிரோடிருந்தார். காரணம், சம்மந்தி முருகையன். கீழ்பென்னாத்தூர்க்காரர். முன்னாடியே அமெரிக்கா போய் மகன் எழிலோடு தங்கி, அதே ஆற்றில் மீன் பிடித்து, அந்தப் படத்தைச் சக்கரவர்த்தியின் மகள் பூஜா வீட்டு ஹாலில் மாட்டியும் விட்டார். கையை நீட்டிக் காமிராவுக்குள் திணித்துப் பிடித்ததில் முழங்கை நீள மீன் முதலை அளவுக்கு வந்திருந்தது. வீடியோ காலில் பூஜா பேசும்போதெல்லாம் அவள் தலைக்குப் பின்னால் முருகையன் சிரிப்பார், மீன் முறைக்கும். பெண்ணைப் பெற்றவர் படம் அந்த வீட்டில் பாஸ்போர்ட் அளவில்கூடக் கிடையாது.

"கிணத்துல போட்டுப் பார்த்துடறேன்" என்று கிளம்பினார்.

"பௌர்ணமியும் அதுவுமா முள்ளு கிள்ளு மாட்டிடாதீங்க, பாவம்!"

அடி அண்ணாமலையில் வேர்க்கடலை விளையும் அவர் மல்லாட்டைக் கொல்லை கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. பாதையில் ஜனம் ஆறாக ஓடியது. சக்கரவர்த்தி கிணற்று மேட்டில் நின்று பச்சைக் கயிற்றை வீசினார். அதன் முனை கண்ணுக்கு மறையும்வரை மனசுக்குள் எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கினார்.

"சாமி, குடிக்கத் தண்ணி எங்க கெடைக்கும்?" வேலூர்ப் பக்கத்திலிருந்து புருஷன் கோபியோடு வந்த சரோஜா என்கிற அம்மாள் வேலியோரம் நின்றாள்.

வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். சக்கரவர்த்தி ஒரு விரலை உயர்த்தி, கண்ணைக் கிணற்றிலேயே வைத்திருந்தார்.

"யோவ் கோபி, இங்க வாய்யா! மௌன சாமி! முள்ளே இல்லாத தூண்டில் போடறாரு பாரு!"

"முள்ளு இல்லாமலா? அப்ப அது மீனுக்கு இல்ல சரோஜா. நமக்கு!"

திருவண்ணாமலையில் ஒருவன் பேசாமல் நின்றால் பத்துப் பேர் கும்பிடுவார்கள். பேசாமல் நின்று புரியாத காரியமும் செய்தால் கேட்கவே வேண்டாம். பழுப்புக் கயிறு கிணற்றில் இறங்குவதற்குள் வேலி சாய்ந்தது. கறுப்புக் கயிறு இறங்கும்போது மல்லாட்டைச் செடி மேல் பாதி வேலூர் உட்கார்ந்திருந்தது.

தெரிந்தவன் எவனாவது பார்த்தால் மானம் போய்விடுமே என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"முகத்தையே காட்ட மாட்டாராம்!" என்று கூட்டம் பரவசப்பட்டது. படபடவென்று போன்கள் மின்னின.

பொறுமை போய், ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தார். கோபியின் நெற்றியில் பட்டுத் தூளானது.

"பட்டுச்சு! எனக்குப் பட்டுச்சு!" கோபி கண்ணீர் விட்டான்.

"சாமி, எனக்கும் ஒண்ணு!"

"எங்க மாமியாருக்கும் சேர்த்து ரெண்டா போடுங்க சாமி!"

"போங்கய்யா எல்லாம்!" என்று கத்தினார்.

"வாய் தொறந்துட்டாரு!" அவ்வளவுதான், கூட்டம் மேட்டில் ஏறியது. பச்சையை ஒரு பக்கம் இழுத்தார்கள், பழுப்பை மறுபக்கம். எங்கிருந்தோ கத்திரிக்கோல் வந்தது. துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கு ஒன்று மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, "அரோகரா" என்று மலையைச் சுற்றப் போய்விட்டார்கள்.

மிச்சமிருந்த கறுப்புக் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார் சக்கரவர்த்தி. மறுபடி கிணற்றில் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கொண்டே இருந்தார். அது முழுகுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்வலம் போகிற கயிறு!

வீட்டுக்கு வந்து பெட்டி மேலேயே சரிந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"போச்சுடி. மீனும் போச்சு, படமும் போச்சு. அந்தாளு இன்னும் பத்து வருஷத்துக்கு அந்த ஹால்ல சிரிப்பான்."

போன் அடித்தது. அந்தாள்தான். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரல்.

"சம்மந்தி, உங்க ஊர்ல கயிறு போடற மௌன சாமி ஒருத்தரு வந்திருக்காராமே! துண்டால மொகத்த மூடினு நிக்கறாரு. கண்ணு முழிச்சதுல இருந்து வாட்ஸ்அப்ல அவருதான்! பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு, உடனே பிரிண்ட் போட்டுட்டேன். ஹால்ல ஆணி ஒண்ணுதான் இருந்துச்சா, என் மீன் படத்தைக் கழட்டிட்டு அவர மாட்டிட்டேன். தெனம் கற்பூரம் காட்டப்போறேன். நீங்க வந்துடுங்க சம்மந்தி, ரெண்டு பேரும் சேர்ந்தே அவரு கால்ல விழுவோம்!"