மாஸ்டரின் வலது கால்

இனி மனைவி முன்னால் முகம் வாடக்கூடாது என்று மாஸ்டர் முடிவு செய்தார். வானமே இடிந்து விழுந்தாலும் சிரித்த முகம்தான். வானம் அன்று காலையே இடிந்து விழுந்துவிட்டது என்பதுதான் சங்கடம்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒரு மாணவருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா போன் செய்தார். மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கேன்சர்தான் என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தால் நம்பிக்கை உண்டு என்றும் சொன்னார். மாஸ்டர் காரை விட்டு இறங்கி, பின்பக்கம் போய் நின்று, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அழுதார்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அதுதான் எப்போதும் அவருக்கு ஆபத்து. கவலைதான் உடம்புக்கு முதல் எதிரி என்று அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதை வைத்து மாஸ்டர் சொந்தமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மனசுக்குச் சொன்னால்தானே உடம்புக்குத் தெரியும்? சொல்லாமலே ஆபரேஷனை முடித்துவிட்டால், தான் படுத்த விஷயமே தெரியாமல் உடம்பு எழுந்துவிடும்.

டாக்டரம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, மனைவியிடம் மூச்சுவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அவரும் சரி என்றார். ஆபரேஷனுக்கு அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று மாஸ்டர் கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு டாக்டர் இவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வாரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மாஸ்டருக்கு யோசனை வரவில்லை.

இங்கே அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழகுகிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்துப் போனால் மாஸ்டர் அமுக்குவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கால் அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பால் பொங்கினால் அமுக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை மாடிப்படியில் ஓடினால் அமுக்கும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். மாஸ்டருக்கு அது காலில் தெரிந்தது.

மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் வண்டி பழக வந்தவள்தான். ரோட்டைப் பாரும்மா, என் காலை எதுக்குப் பாக்கறே என்று அப்போது தினமும் திட்டு வாங்குவாள். உங்க காலைப் பாத்தாத்தான் சார் முன்னாடி என்ன வரப்போகுதுன்னு தெரியுது என்பாள். அந்தப் பதிலுக்கு மயங்கித்தான் அவளையே கட்டிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் போன் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அவளே கேட்டாள்.

"டாக்டர் பேசினாங்களா?"

"பேசினாங்க. வெறும் கொழுப்புக் கட்டிதானாம்."

"அப்படியா?"

"விட்டா வலிக்குமாம். எடுத்துடலாம்னாங்க."

"எடுத்துடலாம்."

"பயமா இருக்கா?"

"கொழுப்புக்கு எதுக்குங்க பயம்?"

மாஸ்டர் உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க மனைவி குனிந்தாள். குனிந்தவள் நிமிரக் கொஞ்சம் நேரமானது. நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை மும்முரமாக நடந்தது. முதலில் சோறே இறங்கவில்லை. வயிறு எரிந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அவருக்கு மிச்சமிருந்ததே கொத்துக் கணக்கில்தான். பேன்ட் இடுப்பில் நிற்காததால், உடம்பைக் குறைக்கிறேன் என்று அவளிடம் பெருமையடித்தார். சிரித்தால் கவலை ஓடிவிடும் என்று யாரோ சொல்ல, தினமும் ஒரு ஜோக்கோடு வீட்டுக்கு வந்தார். சொல்லி முடிக்கும் முன்னால் அவரே சிரித்தார். சிரித்துக் கண்ணில் நீர் வந்தது என்று துடைத்துக்கொண்டார். மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான புதிதில் சொன்ன அதே ஜோக்குக்குக்கூடச் சிரித்தாள்.

காலைத்தான் கட்டி மேய்க்க முடியவில்லை. நாற்காலியில் மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். மரத்துப்போனது. வீக்கம் என்று பொய் சொல்லி வெந்நீர் வாளியில் விட்டார். வாளியிலும் கால் அமுக்கியதில் தண்ணீர் அறை முழுக்க ஓடியது. மறுநாள் மேஜைக்கு அடியில் ஒரு பழைய தலையணை கிடந்தது. எதற்கு என்று கேட்டார்.

"தரை தேயுதுங்க" என்றாள்.

தரை மேல் இவ்வளவு அக்கறையா என்று வியந்தார். அந்த அக்கறை தண்ணீர் மேல் இல்லை என்று அவருக்கு ஒரு குறை. இப்போதெல்லாம் அவள் குளிக்கப் போனால் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டித் திட்டவும் திட்டினார்.

ஆபரேஷன் நாளும் வந்தது. வீட்டில் இருந்தது அந்தப் பழகுகிற கார்தான். மனைவி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்க முடியாது, இன்னிக்கு நானே ஓட்டறேன் என்றாள். கொழுப்புக் கட்டி எடுத்தால் கை ஏன் தூக்க வராது என்று மாஸ்டரின் மூளைக்கு உறைக்கவில்லை. காலுக்கு உறைத்துவிட்டது.

பெரிய சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தது. வண்டி உறுமியது, குலுங்கியது, அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"காலை எடுங்க" என்றாள்.

"நான் அமுக்கலையே."

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். கால் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. எடுக்க நினைத்தார், வரவில்லை. எடுத்தால் வண்டி போய்விடும். போனால் ஆஸ்பத்திரி வந்துவிடும். இத்தனை நாள் கட்டி வைத்த சிரித்த முகம் அத்தனை ஹாரன்களுக்கு நடுவே உடைந்துபோனது.

"கொழுப்புதாம்மா..." என்று ஆரம்பித்தார்.

"கேன்சருங்க. உங்களுக்கு முந்தியே எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்ற மாதிரி சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"சும்மா உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா நீங்க உடைஞ்சு போவீங்க. உங்களுக்கு ஒரு வேலை வேணும். என்னை ஏமாத்தற வேலையைக் குடுத்தேன்."

"அத்தனை ஜோக்குக்கும் சிரிச்சியே."

"அதுதாங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டார்.

"இல்லாம இருக்குமா? குழாயைத் திறந்து விட்டுட்டு எதுக்குக் குளிச்சேன்னு நெனைக்கறீங்க?"

கதவைத் தட்டித் திட்டியது நினைவுக்கு வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். உலகம் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு மாஸ்டர் இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கி, காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். வண்டி நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். சரியாக இருந்தது. பக்கத்தில் தள்ளாடிக்கொண்டு நின்ற மாஸ்டருக்கும் பார்த்துவிட்டு, இதில் யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டாள். அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தார்கள். படுத்தபடியேதான் மனைவியை வழியனுப்பினார். சக்கரப் படுக்கையில் போகும்போது அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கதவு மூடியது.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது. ஏமாற்றவும் இனி ஆள் இல்லை. செய்ய ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மட்டும் வெளியே வந்தாள். அவர் பதறிப்போனார்.

"ஒண்ணுமில்ல சார். மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"தரை தேயுதாம். காலை எடுக்கச் சொன்னாங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார்.