பந்தியில் அழுத கிளாரினெட்

என் எழுத்து கசங்கின வேட்டி மாதிரி இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவன். சட்டையை நிமிர்த்தத் தெரியும், எழுத்தை நிமிர்த்தத் தெரியாது.

புதுச்சேரியிலேயே சிரித்த முகத்தோடு ஊரை அழவைக்கிற ஒரே ஆள், எங்கள் மாடியில் குடியிருக்கும் அழுமூஞ்சி முசியேதான். வைத்திக்குப்பத்தில் அவர் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் யாரானாலும் எங்களுக்கு முசியே, பிரெஞ்சில் ஐயா. "நான் பிரெஞ்சு இல்ல, ருமேனியா!" என்று கத்துவார். "சரிங்க முசியே" என்போம்.

சன்னலில் உட்கார்ந்து கிளாரினெட் ஊதுவார். அந்தப் பாட்டுக்கு டொய்னா என்று பெயராம். தாளம் கிடையாது. இழுத்து, நின்று, விக்கி, மறுபடி இழுக்கும். முதல் நாள் அதைக் கேட்டு மீன்கார அஞ்சலை மாலையோடு வந்துவிட்டாள். "யாருங்க போய்ட்டது?" விஷயம் தெரிந்ததும், வாங்கின மாலையை வீணாக்காமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனாள்.

சன்னலுக்குக் கீழே என் இஸ்திரி வண்டி. அவர் ஊதினால் என் பெட்டி தானாக மெதுவாகப் போகும். ஆடு மேய்க்கிறவர்கள் பாடினதாம் அது. அவர்கள் ஊர் யூதக் கல்யாண வாத்தியக்காரர்கள் அதைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்களாம். "பந்தியில உக்காந்ததும் வாசிப்பாங்க அண்ணே. சாப்புடு, அழு, அப்புறம் ஆடு!"

சும்மா கதை என்று நினைத்தேன். என் மகள் செல்வி கல்யாணத்தில் வாசிக்கிறேன் என்றார். எனக்கு மறுக்க வராது, தலையாட்டிவிட்டேன்.

நோணாங்குப்பத்து மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள், இலையில் சாம்பார் விழுந்தது. முசியே ஆரம்பித்தார்.

"தாலி கட்டுன அன்னிக்கு சாவு மோளமா?" படகு ஓட்டும் சம்பந்தி எழுந்துவிட்டார். கூடவே முப்பது பேர். பாதி இலையில் போய்விட்டால் செல்வி அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வாள்? நான் சாம்பார் வாளியோடு நிற்கிறேன்.

செல்வி ஓடிவந்தாள். "அப்பா, இது நம்ப வண்டிப் பாட்டுதான?"

அவ்வளவுதான். ஒரு வாரமாக அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாததெல்லாம் கண்ணால் கொட்டிவிட்டது.

சம்பந்தி என்னையே பார்த்தார். "டேய், உக்காருங்கடா. பொண்ணப் பெத்தவருக்காக வாசிக்கிறாருடா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." உட்கார்ந்து அவரும் அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரசம் ஊத்துங்க சம்பந்தி" என்றார்.

ரசம் முடிவதற்குள் முசியே சட்டென்று தாளத்தில் குதித்தார். காலைக் கட்டிவைத்தாலும் ஆடும் ஆட்டம். சம்பந்தி கைகூடக் கழுவாமல் என்னைக் கட்டிக்கொண்டு ஆடினார். அந்த ஐந்து விரல் ரசக்கறை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. எத்தனை துவைத்தும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

முசியேவுக்கு நன்றி சொல்ல ஏழு மாதமாக மாடிப்படி ஏறுகிறேன். "துணி இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். அவரிடம் இருப்பது மூன்றே சட்டை. மூன்றும் இப்போது கண்ணாடி மாதிரி மின்னுகின்றன.

பொங்கலுக்கு வந்திருக்கும் செல்வி இதை அவருக்குப் படித்துக் காட்டுவாள். அந்த நேரம் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

தை மூன்று, காணும் பொங்கல்.