இருபத்துநாலுக்குப் பதினேழு

ரக்பி லீக் கமிட்டியின் செயலாளரும், என் தங்கையைக் கட்டிக்கொண்டு முப்பத்தொரு வருடமாகப் பொறுமை காத்துவருபவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, கிளப் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற உங்கள் மச்சான் மரியாதையோடு தெரிவித்துக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது மருமகள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தால் அவளுடையது, நியாயம் இருந்தால் என்னுடையது. இங்கே நான், என் வீட்டுக்காரி, மகன், மருமகள், என் இடது முழங்கால் எல்லோரும் சௌக்கியம். வலது முழங்காலைப் பற்றித் தங்கச்சியிடம் தனியாகச் சொல்கிறேன். அங்கே உங்கள் வாயுத்தொல்லையும் தங்கச்சியின் முன்கோபமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் அனுப்பிய புள்ளிப் பட்டியலை நேற்றுக் காலை கிளப் கதவில் ஒட்டினார்கள். அடியில் இருக்கிறவனைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும்? எல்லோரும் பட்டியலின் கால்மாட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குழாய் வேலை பார்க்கிற நம் கேப்டன், தண்ணீர் வராத குழாயைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, நமக்கு இருபத்துமூணு, நமக்கு மேல இருக்கிற ரயிலடிக் கிளப்புக்கு இருபத்துநாலு. நாமதான் கடைசி" என்றார். நான், "இருக்காது தம்பி, நமக்கும் இருபத்துநாலு" என்றேன். "பேப்பர்ல போட்டிருக்கே!" என்றார். பேப்பர் ஆட்டத்துக்கு வந்ததா, நான் வந்தேனா?

இதற்குமேல் சொல்லப்போவதெல்லாம் நீங்களே வகுத்த ஏற்பாடு. ஆனால் மருமகளுக்குத் தெரியாது. புரியாமல் எழுதினால் அவளுக்குக் கையெழுத்து கோணிப்போகும், அதனால் சொல்கிறேன். நம் நாட்டு லீக்கில் மூன்று டிவிஷன். முதல் இரண்டில் எட்டெட்டு அணி, நாம் இரண்டாவதில். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் தன் மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் மைதானத்தில் ஒருமுறை, ஆகப் பதினாலு ஆட்டம். ஜெயித்தால் நாலு புள்ளி, சமமானால் இரண்டு. ஆட்டத்துக்குள் எடுக்கிற பாயிண்ட் வேறு: எதிராளியின் கோட்டில் பந்தைக் கொண்டுபோய் வைத்தால் டிரை, அதற்கு ஐந்து; அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் கன்வர்ஷன், இரண்டு; எதிராளி செய்த தப்புக்கு உதைக்கிற பெனால்டிக்கு மூன்று. நாலு டிரை போட்டால் தோற்றாலும் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி. ஏழு பாயிண்டுக்குள் தோற்றால், பாவம் நன்றாகத்தான் ஆடினான் என்று அதற்கும் ஒரு போனஸ். இதைக் கேட்டு மருமகள், "தோத்ததுக்கும் மார்க்கா மாமா? எங்க ஸ்கூல்ல இதெல்லாம் இல்லையே" என்று கேட்கிறாள். கப் போட்டி வேறு, அதில் இரக்கம் கிடையாது, ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் முதல் டிவிஷன்காரனிடம் மாட்டி அறுபதுக்கு மூன்று என்று தோற்றோம். அந்த மூன்றை நான் மறப்பேனா?

லீக் முடிந்ததும் இரண்டாம் டிவிஷனில் கடைசியாக நிற்கிறவனும் மூன்றாம் டிவிஷனில் முதலாவதாக நிற்கிறவனும் ஒரே ஒரு ஆட்டம், மேல் டிவிஷன்காரன் மைதானத்தில் ஆடவேண்டும். ஜெயிக்கிறவன் மேலே, தோற்கிறவன் கீழே. கீழே போனால் போகட்டும் என்று விடுவதற்கில்லை மாப்பிள்ளை. மூன்றாம் டிவிஷனில் சொந்த மைதானத்தில் ஆட்டமே கிடையாது. செலவு மிச்சம் என்று எல்லா அணியையும் ஞாயிற்றுக்கிழமை நகர மைதானத்துக்கு வரச்சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக ஆடவைத்து அனுப்புகிறீர்கள். அங்கே கோடு போட மோட்டார் வண்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் நான் எதற்கு? ஆடாத மைதானத்தில் யாருக்காகக் கோடு போடுவது, புழுவுக்கா?

இனி நாலாவது வாரத்துக்கு வருகிறேன். கல்குவாரிக் கிளப்போடு, அவர்கள் மைதானத்தில். போகிற வழியிலேயே நம் பஸ்ஸின் பின்கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. டிரைவர் கையில் கிடைத்த துணியால் கதவை இறுக்கிக் கட்டிவிட்டார். அது லைன்ஸ்மேன் கொடியின் துணி என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவிழ்த்தால் திரும்பும்போது பின்சீட்டுக்காரர்கள் ரோட்டில் இருப்பார்கள். அதனால் நம் லைன்ஸ்மேன் வெறும் குச்சியோடு நின்றார். மழை வேறு. அவர்கள் மூன்று டிரையும் மூன்று பெனால்டியும், இருபத்துநாலு. நாம் ஒரு டிரை, அதற்குக் கன்வர்ஷன், ஒரு பெனால்டி, கடைசி நிமிடத்தில் இன்னொரு டிரை. அதற்கும் நம் தபால்காரர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவில்தான் போனது. கம்பத்துக்கு அடியில் தண்ணீர் கேனோடு உட்கார்ந்திருந்தவன் நான், பந்து என் தலைக்கு மேலேதான் போனது. கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற இரண்டு லைன்ஸ்மேனும் கொடியைத் தூக்கினால்தான் கன்வர்ஷன். அவர்கள் ஆள் கொடியைத் தூக்கினார், நம் ஆள் குச்சியைத் தூக்கினார். ரெஃப்ரி ஒப்புக்கொண்டு விசில் ஊதிவிட்டார். ஆனால் அந்தக் கோடியில் குடிசைக்குள் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினவர் கண்ணுக்கு மழைக்குள் ஒரு கொடிதான் தெரிந்திருக்கிறது. பதினைந்தோடு நிறுத்திவிட்டார். நனைந்த காகிதத்தில் ரெஃப்ரியும் கேப்டனும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெந்நீருக்கு ஓடினார்கள். இருபத்துநாலுக்குப் பதினைந்து என்றால் ஒன்பது வித்தியாசம், போனஸ் இல்லை. இருபத்துநாலுக்குப் பதினேழு என்றால் சரியாக ஏழு, ஒரு போனஸ் உண்டு. அந்த ஒன்று சேர்ந்தால் ரயிலடிக் கிளப்போடு சமம். சமமானால் நேருக்கு நேர் ஜெயித்தவன் மேலே என்பது உங்கள் விதி. அவர்களை நாம் இரண்டுமுறையும் ஜெயித்திருக்கிறோம்.

சாட்சி கேட்பீர்கள். நம் மைதானத்தில் ரோலர் நிற்கிற கொட்டகையின் உள்சுவரைப் பாருங்கள். டிரைக்கு நீளக் கோடு, கன்வர்ஷனுக்கு அதன் தலையில் புள்ளி, பெனால்டிக்கு வட்டம், பத்தொன்பது வருடத்து ஆட்டம் அத்தனையும் சுண்ணாம்பில் இருக்கிறது. கப்பில் எடுத்த அந்த மூன்றுகூட ஒற்றை வட்டமாக ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரர் என்பதால் இதைக் கேட்கவில்லை மாப்பிள்ளை. சொந்தக்காரர் என்பதால்தான் தபால்தலை ஒட்டிக் கேட்கிறேன், இல்லாவிட்டால் நேரில் வந்து ஆபீஸ் வாசலில் சுண்ணாம்பு கரைத்திருப்பேன். எங்கள் ஒரு புள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், பட்டியலின் நடுவில் நிற்கிற அணியைப்போல, மேலே போகிற ஆசையும் கீழே விழுகிற பயமும் இல்லாமல் நீண்டகாலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் (சுண்ணாம்புக் கட்டைவிரலை இங்கே வைத்திருக்கிறேன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் மருமகள் இதை உரக்கப் படித்துக் காட்டினாள். அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு, அந்த நாய மட்டும் மறந்துட்டீங்களா?"

"மறக்கலடி. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது வாரம், நம் மைதானம். காலையில் டிரை கோடு போடும்போது கோட்டின் மேலேயே சாம்பல் நிற நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை, ஆட்டத் திடலுக்குள் ஒன்றரை அடி வளைத்து அதைச் சுற்றிக் கோட்டைக் கொண்டுபோய்விட்டேன். நாய் எழுந்து போய்விட்டது, வளைவு நின்றுவிட்டது. அன்று நாம் தோற்ற ஆட்டத்தில் நம் கறிக்கடைக்காரர் போட்ட நாலாவது டிரை அந்த வளைவின் மேல்தான். பந்துக்கு அடியில் வெள்ளையைப் பார்த்து ரெஃப்ரி கொடுத்துவிட்டார். நேராகப் போட்டிருந்தால் டிரை இல்லை, போனஸும் இல்லை.

ஆகவே அங்கே ஒன்று கொடுத்தால் இங்கே ஒன்று எடுத்துவிடுங்கள். இருபத்துமூன்றுதான். மேலே எழுதியதெல்லாம் படித்து மறக்கவும். நாம்தான் கடைசி, கடைசிக்காரன் என்றால் நம் மைதானத்தில் இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது. இந்த வருடம் முடிந்தது என்று கழுவிக் கவிழ்த்த சுண்ணாம்பு வாளியை நிமிர்த்திவிட்டேன். கோடு நேராக வரப் பிடிக்கிற கயிற்றின் மறுமுனையை இந்தமுறை வீட்டுக்காரி பிடிக்கிறாள், நாய் வந்தால் எழுப்புகிற பொறுப்பும் அவளுடையது. சனிக்கிழமை தங்கச்சியோடு வந்துவிடுங்கள். லைன்ஸ்மேனுக்கு மட்டும் ஒரு கொடி கொண்டுவாருங்கள், நம்முடையது இன்னும் பஸ் கதவில்தான் இருக்கிறது.