கரண்டி பிடிக்க ஆளில்லாத பொங்கல்

பருத்திப்பட்டு,
மாட்டுப் பொங்கல், 1944.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் வீரராகவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் வரதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். திருவாலங்காட்டில் தாங்களும், குழந்தைகளும், புரட்டாசியில் பட்டணத்துத் துறைமுகத்துப் பக்கம் குண்டு விழுந்ததும் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட தாட்சாயிணியும் சுகமாயிருக்க அம்மன் துணை.

இனி பயமில்லை என்கிறார்களே, தங்கையை அனுப்பட்டுமா, சித்திரை வரை இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரமே இல்லை. நேற்றுப் பொங்கலை நான் எவ்வளவு நிறைவாகக் கொண்டாடினேன் என்று படித்தால் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

பட்டாளத்துக் கேம்பு லாரி ஓட்டுகிற கன்னியப்பனும் கொட்டகை போடுகிற துலுக்கானமும் வந்திருந்தார்கள். இருவருமே வீட்டாரை ஊருக்கு அனுப்பிவிட்டவர்கள். வாசலில் அடுப்பு மூட்டும்போது ஏரியிலிருந்து பனி ஏறி வந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் செய்துவிட்டது. பானை பொங்கியதை யாரும் பார்க்கவில்லை. அடுப்பு சுர்ரென்று அணைந்த பிறகுதான் "பொங்கலோ பொங்கல்" என்று கூவினோம். மறுபடி மூட்டி வேகவைத்துக் காக்காய்க்கு வைத்தோம். தொண்டை கட்டுகிற வரை கத்தியும் ஒரு காக்காய்கூட வரவில்லை.

"அதெல்லாம் சோல்ஜர் சமையக்கட்டாண்ட குந்திகினு கீது. கறி துன்ற காக்கா உன் பொங்கலுக்கா வரும்?" என்றான் கன்னியப்பன்.

சரியென்று இலை போட்டு மூவரும் உட்கார்ந்துவிட்டோம். அங்கேதான் மச்சான், ஒரு சின்னத் தடங்கல். பானை அடுப்பிலேயே இருக்கிறது.

"இன்னாபா, யாரு போடறது?" என்றான் துலுக்கானம்.

"ஊடு வரதன்து. அவன் போடட்டும்," என்றான் கன்னியப்பன்.

"நான் எய்ந்தா கடைசியில இல்ல துன்னணும்? நீ போடு மாமே," என்றேன் அவனிடம்.

"நானா? பொறந்ததுலேர்ந்து கரண்டி புடிச்சதில்ல நைனா."

பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது மூன்று வீட்டிலும் ஒரே வழக்கமாகப் போய்விட்டது. ஆகவே ஒருவரும் எழவில்லை. பனிக்குள் வெயில் வந்து ஏரி பால் மாதிரி வெளுத்தது, வெல்ல வாசனை, இளஞ்சூடு, உட்கார்ந்தபடியே எனக்குக் கண் சொக்கிப்போய், பனி அப்படியே வாசலுக்குள் நடந்து வருது மச்சான், வளையல் சத்தம் கேக்குது, யாரோ குனிஞ்சு என் இலையில பொங்கல் வைக்கிறாங்க, மேல நெய் ஊத்தறாங்க, மொகம் தெரியல, நான் போதும் போதும்ங்கறேன், கேக்காம இன்னொரு கரண்டி வைக்கிறாங்க. கண் முழிச்சா இலை காலி. எதிர்ல கன்னியப்பனும் துலுக்கானமும் அவங்கவங்க வெறும் இலையத் தடவிப் பாத்துகினு இருந்தாங்க.

"பானையாண்டயே போய் குந்திக்கலாம்பா," என்றான் துலுக்கானம் மெதுவாக. போனோம். பொங்கல் செங்கல்லாக இறுகியிருந்தது. கையாலேயே பெயர்த்துத் தின்றோம்.

ஆகையால் இங்கே ஒரு கொறையும் இல்ல. தாட்சாயிணி நிம்மதியாகச் சித்திரை வரை, ஏன், ஆடி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, இன்று தங்கள் மாடுகளின் கொம்புக்கு என் பேரில் ஒரு கை வர்ணம்.

இப்படிக்கு,
வரதன்.

பி.கு.: மேலே எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். புதன்கிழமைப் பாசஞ்சரில் ஏற்றிவிடுங்கள். ஆவடி ஸ்டேஷனில் நிற்பேன். அன்றைக்கு வராவிட்டால் வியாழக்கிழமையும் நிற்பேன்.