லோராவுக்கு மூன்று சஜஷன்

என் மனைவி லோராவை ஒரே ஒரு முறையாவது என் தொழிலாலேயே வெல்வது என்று முடிவெடுத்தேன்.

என் தொழில் இதுதான். கடை ஆப்பில் நீங்கள் 'சோ' என்று தட்டுகிறீர்கள். மீதியைத் தட்டுவதற்குள் சோபா, சோப்பு, சோளமாவு என்று கீழே வரிசையாக வந்து நிற்கிறதல்லவா? அதில் எது மேலே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிறவன் நான். சோப்பு வாங்க வந்தவர்கள் சோபாவோடு போயிருக்கிறார்கள். ஆபீசில் எனக்கு நல்ல பெயர்.

வீட்டில் நான் 'ந' என்றாலே மீதியை லோரா முடித்துவிடுவாள். அதுவும் சரியாக. கல்யாணமான நாளிலிருந்து நான் முழுசாகச் சொல்லி முடித்தது மாதா கோயிலில் சொன்ன 'சம்மதம்' மட்டும்தான். ஒரே சொல் என்பதால் அது தப்பித்தது.

இப்போது ஆபத்து முற்றியிருந்தது. லோராவின் தெயோ மாமா போன வாரம் பிரான்ஸிலிருந்து வந்து எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் தங்கியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷனுக்காக எந்தெந்த ஆபீசில் யார் யாரோடு சண்டை போட்டார் என்று ஆரம்பித்தால் சாயங்காலம்தான் மூச்சு விடுவார். ஞாயிறு முழுக்க அவரிடம் மாட்டினால் நான் செத்தேன். நண்பன் இளஞ்செழியனோடு நோணாங்குப்பம் போய்ப் படகு ஏறிவிட்டால் பிழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை காப்பியோடு ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கெழம நான்…"

"மாமாகூட இருக்க மாட்டீங்க. வேற இன்னா பண்ணப் போறீங்க?"

வரிசையை இறக்கினேன்.

"மூணு இருக்கு, நீயே சொல்லு. ஒண்ணு, இளஞ்செழியனோட நோணாங்குப்பம் போட்டிங். ரெண்டு, மிக்சியப் பிரிச்சு ரிப்பேர் பண்றேன். மூணு, பிரியாணி நானே செய்றேன்."

போன முறை மிக்சியில் கை வைத்தபோது ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றது. என் பிரியாணியை ருசி பார்த்த பக்கத்து வீட்டு பரீதா அக்கா, நான் அடுப்படிப் பக்கம் போனாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

லோரா யோசித்தாள். "நாலாவது இல்லியா?"

"மூணுக்கு மேல காட்டினா ஜனங்க குழம்பிடுவாங்க."

"அப்ப மொதல்லதே இருக்கட்டும். போட்டிங் போய்ட்டு வாங்க."

"நெசமாவா?"

"சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டே வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

பரிதாபமாக இருந்தது. பாவம், தானாகத் தேர்ந்தெடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்று ஆபீசில் சம்பள உயர்வே கேட்டிருப்பேன், அவ்வளவு தெம்பு.

ஞாயிறு காலை செருப்பை மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி வாசலுக்கு வந்தேன். என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் தெயோ மாமா ஏறி உட்கார்ந்திருந்தார். பூப்போட்ட சட்டை, கூலிங் கிளாஸ், அகலமான புதுத் தொப்பி.

"அலே, கெளம்பலாமா மாப்ள?"

"மாமா, நீங்க எங்க…"

"போட்டுக்குத்தான். உன் சிநேகிதன வரவேணாம்னு லோரா போன்ல சொல்லிட்டா. நாம ரெண்டே பேரு, நிம்மதியாப் பேசலாம்."

கதவருகே லோரா கையசைத்தாள். மாமா தொப்பியைத் தடவிக்கொண்டார்.

"இது பிரான்ஸ்ல, மார்செய்ல வாங்குனது. ஞாயித்துக்கெழம நீ என்னப் படகுல கூட்டிப்போவேன்னு லோரா போன மாசமே சொல்லிட்டாளே."